புழுதியில் எழுதியதும் புழுதி எழுதியதும்

ரோவன் வில்லியம்ஸ் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ரைட்டிங் இன் த டஸ்ட்’ என்னும் நூல் நூறு பக்கங்களுக்கும் குறைவானது. ஒரே மாலையில் படித்து முடித்துவிடலாம். ஆயினும், பெருங்கொடுமை ஒன்று நிகழ்ந்தபின் இறையியலார் என்ன பேசலாம், எப்போது பேசலாம் என்னும் வினாவை இத்துணை நேர்மையுடன் எதிர்கொண்ட நூல்கள் அரியவை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைத் திரும்ப எடுத்துப் படிப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. நூல் எழுதப்பட்ட காலத்தில் எவருக்கும் தெரியாதிருந்த பலவற்றை இன்று நாம் அறிந்திருக்கிறோம். அந்த அறிவு நூலை நியாயந்தீர்க்கவும் செய்கிறது. ஒருவகையில் அதன் வழக்கை வலுப்படுத்தவும் செய்கிறது.

2001 செப்டம்பர் 11 அன்று, அப்போது வேல்ஸ் திருச்சபையின் தலைமைப் பேராயராயிருந்த வில்லியம்ஸ், ஆன்மீக வாழ்வு பற்றிய கலந்துரையாடல் ஒன்றிற்காக நியூயார்க் நகரின் திரித்துவ ஆலயத்தைச் சேர்ந்த கட்டடத்தில் இருந்தார். உலக வர்த்தக மையம் அங்கிருந்து சிறிது தொலைவே. கோபுரங்கள் சரிந்தபோது எழுந்த புழுதியினூடே அவரும் வெளியேறினார். மறுநாள் அதிகாலையில் விமானி ஒருவர் தெருவில் அவரை நிறுத்தி, அந்நேரத்தில் கடவுள் என்ன செய்துகொண்டிருந்தார் என்று சினத்துடன் கேட்டார். மனித சுதந்திரத்தைக் குறித்துப் பேராயர் ஏதோ விடை கூறினார். அவ்விடை போதாது என்பதையும் அவரே ஒப்புக்கொள்கிறார். சாவு வீட்டின் வாயிற்படி ஏறுமுன்னரே தக்க வசனத்தைத் தேடத் தொடங்கிவிடும் நம்மில் பலர் இப்பகுதியை இருமுறை படித்தல் நன்று.

நூலின் தலைப்பு யோவான் 8-ஆம் அதிகாரத்திலிருந்து பிறந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட பெண்ணைச் சூழ்ந்து கூட்டம் விடை கோரி நிற்கையில், இயேசு குனிந்து தரையில் எழுதுகிறார். என்ன எழுதினார் என்பதை நற்செய்தியாளர் கூறவில்லை. வில்லியம்ஸின் நோக்கில் அந்தத் தாமதமே முக்கியமானது. கல்லெறியத் துடிக்கும் கைகள் சற்றே தயங்கும்படி ஓர் இடைவெளி அங்கே உண்டாகிறது. அமெரிக்காவும் அதன் நட்பு நாடுகளும் அத்தகைய இடைவெளியைத் தங்களுக்கு அனுமதிக்க வேண்டும் என்பதே நூலின் மன்றாட்டு. அது கேட்கப்படவில்லை. நான்கே நாட்களில் அரிசோனாவின் மேசா நகரில், தலைப்பாகையைக் கண்டே பகைவன் என எண்ணிச் சீக்கியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்டோபர் 7 அன்று ஆப்கானிஸ்தான் மீது குண்டுவீச்சு தொடங்கியது. அந்தப் போர் 2021 வரை நீண்டது.

நூலின் மிகக் கூரிய பகுதி, பிறரை அடையாளச் சின்னங்களாக்குவதைப் பற்றியது. கொலைகாரர் கோபுரங்களில் மனிதரைக் காணவில்லை. ஒரு சின்னத்தையே கண்டனர். தாக்கப்பட்டோரும் அதே நோய்க்கு ஆளாகக்கூடும் என்று ஆசிரியர் எச்சரிக்கிறார். இவ்விடத்தில்தான் அவர்மீது நமக்கு ஒரு குறை உண்டு. மனிதரைச் சின்னங்களாக்காதீர்கள் என்று சொல்லும் நூல், புழுதியைத் தானே சின்னமாக்கிவிடுகிறது. அதன் பக்கங்களில் புழுதி மௌனத்தின் இடம், எழுதி அழிக்கத்தக்க பரப்பு. நியூயார்க்கின் புழுதியோ அழிக்கத்தக்கதாக இருக்கவில்லை.

அது நொறுங்கிய சிமெண்டு, கண்ணாடி இழை, கல்நார், ஈயம் ஆகியவற்றின் கலவை. தொண்டையை அரிக்கும் காரத்தன்மையும் அதற்கு இருந்தது. பங்குச் சந்தை மீண்டும் திறக்கப்பட்டதற்கு மறுநாளான செப்டம்பர் 18 அன்று, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் கிறிஸ்டீன் விட்மன், அப்பகுதியின் காற்று சுவாசிக்க ஏற்றதே என அறிவித்தார். அவ்வாறு கூறப் போதிய சான்றுகள் அப்போது இல்லை என்று அந்த முகமையின் தலைமை ஆய்வாளரே 2003-இல் அறிக்கையிட்டார். வெள்ளை மாளிகையின் தலையீட்டால் எச்சரிக்கைச் சொற்கள் நீக்கப்பட்டு ஆறுதல் சொற்கள் சேர்க்கப்பட்டதும் அவ்வறிக்கையால் வெளிவந்தது. விட்மன் தம் வருத்தத்தை 2016-இல் தெரிவித்தார். இடையே கழிந்த ஆண்டுகளில், 2002 மே இறுதிவரை இடிபாடுகளில் உழைத்த தீயணைப்பு வீரர், காவலர், கட்டடத் தொழிலாளர் ஆகியோரின் நுரையீரல்களில் அந்தப் புழுதி தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அன்று ஒரே நாளில் நகரத் தீயணைப்புத் துறையினர் 343 பேர் மடிந்தனர். பின்னர் நோயினால் மடிந்த அத்துறையினரின் தொகை 2023 செப்டம்பரில் அதே 343-ஐ எட்டியது.

கிரேக்க மூலம் கற்கும் மாணவருக்கு இங்கே ஒரு குறிப்பு. பரத்தைமைக் குற்றஞ்சாட்டப்பட்ட பெண்ணின் இப்பகுதி தொன்மையான கைப்பிரதிகளில் இல்லை என்பது அனைவரும் அறிந்ததே. அதிகம் கவனிக்கப்படாதது, 8:6-இல் ‘எழுதினார்’ என்பதற்கு வரும் ‘காட்டாகிராஃபோ’ என்னும் வினையாகும். அது வெறுமனே எழுதுவதை மட்டுமன்றி, ஒருவருக்கு விரோதமாகப் பதிவு செய்தலையும் குறிக்க வல்லது. செப்துவஜிந்த் மொழிபெயர்ப்பில் யோபு 13:26-இல், கடவுள் தனக்கு விரோதமாகக் கசப்பானவற்றை எழுதுவதாக யோபு முறையிடும் இடத்திலும் இதே வினைதான் வருகிறது. இதைக்கொண்டு யோவான் பகுதியின் பொருளை முடிவுகட்ட யாம் துணியவில்லை. ஆயினும் வில்லியம்ஸின் உருவகத்தை இது மறுபுறமாகத் திருப்புகிறது. புழுதியில் எழுதப்படுவது தயக்கமாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. குற்றப் பதிவாகவும் இருக்கலாம்.

வீரர் எனப் போற்றப்பட்டோர் தங்கள் நோய்க்குச் சிகிச்சை கேட்டு நாடாளுமன்றத்தின் வாயிலில் ஆண்டுக்கணக்காக நிற்க வேண்டியதாயிற்று. மருத்துவ உதவிக்கான சட்டம் 2011 சனவரியில்தான் கையொப்பமானது. 2015-இல் அத்திட்டம் 2090 வரை நீட்டிக்கப்பட்டது. இழப்பீட்டு நிதியின் பொருட்டு 2019 சூன் 11 அன்று சாட்சி கூற வந்த லூயிஸ் அல்வாரெஸ் என்னும் ஓய்வுபெற்ற காவலர், புற்றுநோயின் இறுதிக்கட்டத்தில் இருந்தார். பதினெட்டாம் நாள் இறந்தார். அடுத்த மாதம் நிறைவேறிய சட்டத்தில் அவருடைய பெயரும் இடம்பெற்றது. சின்னமாக்கப்பட்டவன் மீண்டும் மனிதனாக மதிக்கப்படுவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின என்றால், வில்லியம்ஸின் எச்சரிக்கைக்கு இதைவிட வலிய சான்று வேண்டுவதில்லை. ஆனால் அந்தச் சான்று நூலுக்குள் இல்லை. அவர் எழுதிய காலத்தில் அது இருந்திருக்கவும் முடியாது.

ஆகையால் இந்நூலைத் தனித்துப் படிப்பது போதாது என்பது எமது கருத்து. அதனருகே வைத்துப் படிக்கவேண்டியது இன்னொரு நூலன்று; ஓர் ஆலயம். திரித்துவ ஆலயத்தின் பராமரிப்பிலுள்ள, 1766-இல் திறக்கப்பட்ட தூய பவுல் சிற்றாலயம், இடிபாடுகளுக்கு எதிரிலேயே சேதமின்றி நின்றது. மீட்புப் பணியாளர் ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் அங்கே உண்டனர், உறங்கினர். ஜார்ஜ் வாஷிங்டன் ஒருகாலத்தில் அமர்ந்து வழிபட்ட இருக்கைப் பகுதியில் அவர்களுடைய புண்பட்ட பாதங்களுக்கு மருத்துவம் செய்யப்பட்டது. அங்கு எவரும் அந்த விமானியின் வினாவிற்கு விடை கூறியதாகத் தெரியவில்லை. கால்களைக் கவனித்தார்கள். யோவான் 8-ஐ மையமாகக் கொண்ட வில்லியம்ஸ், அதே நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தை இந்தச் சிற்றாலயத்தில் கண்டு எழுதியிருந்தால், நூல் வேறொரு ஆழம் பெற்றிருக்கும்.

அவர்களுடைய கனத்த காலணிகளும் கருவிகளும் வெண்ணிற இருக்கைகளைக் கீறிவிட்டன. ஆலயத்தார் அந்தக் கீறல்களைப் பூசி மறைக்காமல் விட்டுவைத்தனர். 2007-இல் வழிபாட்டு வசதிக்காக இருக்கைகள் அகற்றப்பட்டன. அதற்குத் தக்க காரணங்கள் இருந்திருக்கலாம். எனினும் அம்முடிவை எம்மால் எளிதில் ஏற்க இயலவில்லை. எழுத்தாகப் படிக்கத்தக்கவை அந்தக் கீறல்கள். அவற்றைப் பதித்தவர்களில் சிலர் அப்போதே மருத்துவமனைகளில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தனர்.