கண்ணாடியில் கிடக்கும் கொழுந்து

தேயிலைத் தோட்டத்தின் படங்கள் எனக்குச் சலித்துவிட்டன. 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனத்தின் தபாலட்டை முதல் இன்றைய சுற்றுலாச் சுவரொட்டி வரை அதே சரிவு, அதே கூடை, கமராவுக்காகச் சிரித்த அதே சிரிப்பு. வந்துபோகிறவர் தள்ளி நின்று எடுத்த படங்கள் அவை. தேயிலையும் றப்பரும் அடுத்தடுத்து நிற்கும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களைப் படமாக்க, பாடசாலை அலுவலகத்தில் பிறப்புச் சான்றிதழைப் பிரதியெடுக்கிற ஸ்கேனரே கமராவை விடப் பொருத்தம் என்பது என் கட்சி.

ஸ்கேனரின் விளக்குப் பட்டை ஊர்ந்து ஊர்ந்து, கோடு கோடாகப் பொருளைத் தடவிப் பார்க்கிறது. கண்ணாடியைத் தொடும் பகுதி மயிரிழை பிசகாமல் விழும். விலகிய பகுதி மங்கி இருண்டுவிடும். அச்சுப்பொறியோடு சேர்ந்து வரும் மெல்லிய வகைகள் இதில் இன்னும் கறார். கவ்வாத்துக் கத்தியை வைத்தால் அலகின் கீறல் தெரியும், பிடி புகைபோல் கலைந்துவிடும். இலையும் றப்பர் சீட்டும் தட்டையாகக் கிடப்பதால் முழுசாகப் பதிகின்றன. ஏ4 அளவை 600 டிபிஐயில் எடுத்தால் ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் புள்ளிகள். கைபேசியில் விரலால் விரித்துப் பார்க்கும் படமில்லை இது. உள்ளே புகுந்து நடக்கலாம்.

புகைபோட்ட றப்பர் சீட்டை வைத்துப் பாருங்கள். உருளை போட்ட வரிகள் வரப்புகளாக எழும். மூடியின் வெள்ளை பின்னாலிருந்து கொஞ்சம் ஒளியைத் திருப்பித் தர, தேன் நிறம் உள்ளேயே தேங்கி நிற்கும். அதில் சிக்கிய காற்றுக் குமிழ்களும் தூசும்கூடத் தெரியும். பால் வெட்டுகிறவர் மரத்தின் வெட்டுவாயிலிருந்து உரித்தெடுக்கும் ஒட்டுப்பால் இன்னும் அழகு. மரப்பட்டைத் துணுக்குகள் ஒட்டிய அந்த நாடாவில் கத்தி போன வழி அப்படியே இருக்கிறது. கொழுந்தைக் கவிழ்த்து வைத்தால் முனையின் வெள்ளி மயிர் மின்னும். காலையில் ஒருமுறை, கிள்ளிய காம்பு சிவந்த பிறகு மாலையில் ஒருமுறை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால், தூரிகை தொடாமலே ஒரு படம் தயார். 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய் பிடித்த இலையையும் ஒதுக்க வேண்டாம். ஒளி புகும் அந்த வட்டப் புள்ளிகளை நினைத்து வரைவது கடினம்.

இதன் பிறகுதான் மென்பொருள். கிரிட்டா இலவசம், அதுவே போதும். எழுதிய தாள் ஒன்றின் ஸ்கேனை மேலே வைத்து லேயரை 'மல்டிப்ளை'க்கு மாற்றினால் தாளின் வெள்ளை மறைந்து, எழுத்தும் கறையும் மட்டும் கீழுள்ள நிறத்தில் ஊறிவிடும். பச்சையை நிறத்தட்டிலிருந்து எடுக்கும் மாணவருக்கு விளம்பரப் பச்சைதான் கிடைக்கும். கொழுந்தின் படத்திலேயே சொட்டுக்குழாயை வைத்து எடுத்தால் மஞ்சளும் செம்மையும் கலந்த உண்மைப் பச்சை வரும். இலைக்குச் சிறகு முளைக்க வைப்பது, ஃபில்டரில் போட்டு எண்ணெய் ஓவியமாக்குவது எல்லாம் எனக்கு உவப்பில்லை. பொருள் கொண்டுவந்த கீறலைத் தூரிகை அழித்துவிட்டால் பிறகு ஸ்கேனர் எதற்கு?

இந்தக் கலைக்கு வம்சம் உண்டு. 1843இல் அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளை ஒளியுணர் தாளில் நேரடியாகக் கிடத்தி நீலப் படங்கள் எடுத்தார். 1986இல் டேவிட் ஹொக்னி அலுவலக நகல் இயந்திரத்தில் ஒரே தாளை நிறத்துக்கு ஒருமுறையாகத் திரும்பத் திரும்பச் செலுத்தி அச்சுகள் செய்தார். இன்றைய லேயர் வேலையை அன்றே கையால் செய்திருக்கிறார். நமக்கு நெருக்கமானவர் ஹனுஷா சோமசுந்தரம். ஹட்டன் பக்கத்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர். தேயிலைக் கறையையும் வடிகட்டியையும் கொண்டே மலையக வாழ்வைப் பேசுகிறார். அவருக்குக் கணினி தேவைப்படவில்லை. பொருளைத் தன் குரலில் பேசவிடும் துணிச்சல் போதுமாயிருந்தது.

சப்ரகமுவவின் தமிழ்ப் பாடசாலைகளில் சித்திரம் படிப்பிக்கும் ஆசிரியர்களே, ஒரு மதியம் அலுவலக ஸ்கேனரை இரவல் கேளுங்கள். ஈர இலைக்கு அடியில் ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள் ஒன்றை விரியுங்கள், கண்ணாடி கெடாது. மூடியைத் திறந்து வைத்துக் கறுப்புத் துணியால் போர்த்தினால் பின்னணி கறுப்பாகவே வரும். என்ன வைப்பது என்று மட்டும் நீங்கள் சொல்லாதீர்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும்.