திமிங்கிலமும் சிறுமீன்களும்

2010ஆம் ஆண்டு யூலையில் அமெரிக்கப் பேராசிரியர் இயன் பொகோஸ்ற் ஓர் அங்கதம் படைத்தார். அதனை அவர் நூலாக எழுதவில்லை. வீடியோ விளையாட்டாகவே செய்து பேஸ்புக்கில் வெளியிட்டார். ‘கவ் கிளிக்கர்’ என்பது அதன் பெயர். திரையில் ஒரு பசு நிற்கும். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அதனை அழுத்தலாம். காத்திருக்க மனமில்லாதவர் பணங்கொடுத்துக் காத்திருப்பை நீக்கிக்கொள்ளலாம். விளையாட்டு இவ்வளவே. அக்காலத்திற் கோடிக்கணக்கானோர் ஆடிய ‘பாம்வில்’ போன்றவற்றை எள்ளி நகையாடுவதே அவர் நோக்கம். ஆனால் பல்லாயிரவர் அவ்வெள்ளலையே மெய்யான விளையாட்டாக ஏற்று ஆடினர். சிலர் பணமுஞ் செலுத்தினர்.

மக்களின் இரசனை கெட்டுவிட்டது என்று கூறி இதனைத் தள்ளிவிடுவது எளிது. நம்மவருள்ளும் அவ்வாறு கூறித் திருப்தியடைவோர் உளர். நாம் அதற்கு உடன்படோம். ஒரு நாடகத்தை ஆராயும்போது அதனைப் பார்ப்போர் யார், செலவை ஏற்போர் யார் என்று கேட்கும் நாம், இங்கும் அக்கேள்விகளைக் கேட்டல் வேண்டும்.

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்துறையின் வணிகமுறை எளிமையானதாயிருந்தது. ‘பிஜூவெல்ட்’ போன்றதொரு விளையாட்டைச் சிறிது நேரம் இலவசமாக ஆடிப் பார்க்கலாம். பிடித்திருப்பின் சுமார் இருபது டொலருக்கு வாங்கலாம். புத்தகக் கடையில் நாலு பக்கம் புரட்டிப் பார்த்து வாங்குவது போன்றது அது. எல்லோருக்கும் ஒரே விலை. கொடுத்தபின் கணக்குத் தீர்ந்தது.

இலவச விளையாட்டிற் கணக்குத் தீர்வதேயில்லை. அங்கே ஆடுவோர் செலவிடும் தொகையைக் கொண்டே வகுக்கப்படுகின்றனர். மிகுதியாகச் செலவிடுபவர் ‘திமிங்கிலம்’; அளவோடு செலவிடுபவர் ‘டொல்பின்’; சில்லறை கொடுப்பவர் ‘சிறுமீன்’. திமிங்கிலம் என்னும் பட்டம் சூதாட்ட விடுதிகளில் வழங்கியது என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

2012இல் வெளிவந்த ‘கான்டி கிறஷ் சாகா’வை எடுத்துக்கொள்வோம். ஆடுபவருக்கு ஐந்து உயிர்கள். இழந்த உயிரொன்று மீள முப்பது நிமிடம் செல்லும். வெற்றிக்கு ஒரு நகர்வே குறைவாயிருக்கும் வேளையில், மேலும் ஐந்து நகர்வுகள் விலைக்கு வருகின்றன. இங்கேதான் விமர்சகனுக்கு வேலையுண்டு. கட்டத்தின் கடினம் கலைஞன் இட்ட முடிச்சா, கணக்கன் இட்ட முடிச்சா என்று பிரித்தறிய இயலாத வடிவம் இது. தொடர்கதை எழுதுவோரும் பதைபதைக்கும் இடத்தில் ‘தொடரும்’ என்று நிறுத்துவதுண்டு. ஆயினும் எந்த வாசகர் அதிகம் தவிக்கிறார் என்று பார்த்து, அவரிடம் அடுத்த அத்தியாயத்துக்குத் தனி விலை கேட்ட பத்திரிகையை நாம் அறியோம்.

இதனை உருவாக்கிய கிங் கம்பனி 2014இல் பங்குகளை விற்க முன்வந்தபோது கணக்குகள் வெளிவந்தன. முந்திய ஆண்டின் இறுதியில் அதன் விளையாட்டுக்களை மாதந்தோறும் ஆடியோர் சுமார் 30 கோடி. பணஞ் செலுத்தியோர் சுமார் 1 கோடி 20 இலட்சம். அதாவது நூற்றுக்கு நால்வர். அவ்வாண்டின் வருமானமோ ஏறத்தாழ 188 கோடி டொலர்.

எஞ்சிய தொண்ணூற்றாறு பேரும் இலவசமாக மகிழ்ந்தனர் என்பதை நாம் மறுக்கவில்லை. வேலை முடிந்து புகையிரதத்தில் வீடு திரும்பும் ஒருத்திக்குக் காசில்லாமல் கிடைக்கும் அரைமணி நேர மகிழ்ச்சியைப் பழிக்க நாம் யார்? எனினும் அவளும் உழைக்கிறாள். உயிர் கேட்டு நண்பருக்கு அவள் அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் கூலியில்லா விளம்பரம். அவள் எந்தக் கட்டத்திற் சலித்து விலகுகிறாள் என்பதும் கம்பனியின் ஏட்டில் பதியப்படும்.

பணங்கொடுப்போரெல்லாம் செல்வந்தர் என்று கொள்வதும் தவறு. பெற்றோர் அனுமதியின்றிச் சிறுவர் இத்தகைய செயலிகளுள் வாங்கியவற்றுக்காகக் குறைந்தது 3 கோடி 25 இலட்சம் டொலரைத் திருப்பியளிக்க அப்பிள் கம்பனி 2014 சனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவிடம் இணங்கியது. திமிங்கிலம் எனக் கணக்கில் ஏறியது சில வேளைகளில் ஒரு குழந்தையின் விரல்.

பொகோஸ்ற் 2011 செப்டெம்பரில் தம் பசுக்களை அகற்றினார். வெறும் நிலம் மாத்திரம் எஞ்சியது. அதன்பின்னரும் சிலர் வந்து, பசு நின்ற இடத்தை அழுத்திக்கொண்டிருந்தனர்.