பெரி மேசன்: ‘கொடிய தீர்ப்பு’ அத்தியாயம்

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1957 முதல் 1966 வரை ஒளிபரப்பான நீதிமன்றத் துப்பறியும் தொடர் ‘பெரி மேசன்’. நாயகன் தோற்காத வழக்கறிஞர். 1963 அக்டோபர் 17 அன்று வெளியான இந்த அத்தியாயமோ அவருடைய தோல்வியில் தொடங்குகிறது: கட்சிக்காரர் ஜானிஸ் பார்ட்டனுக்கு மரண தண்டனை. மற்றவை முடியும் இடத்தில் இது ஆரம்பிப்பதால், யார் கொலையாளி என்பதைவிட நேரம் போதுமா என்ற பதைப்பே பார்ப்பவரைப் பிடித்துக்கொள்கிறது. ரேமண்ட் பர்ரின் கனத்த அமைதியும் இங்கேதான் நன்றாகப் பொருந்துகிறது.

ஆனால் கதை துணிந்து போகவில்லை. பார்ட்டன் உண்மையை மறைத்ததால்தான் தோல்வி என்று சொல்லி, தண்டித்த ஜூரியைத் தப்பவிடுகிறது. எதையும் மறைக்காத நிரபராதி தண்டிக்கப்பட்டிருந்தால்? அந்தக் கேள்வியைத் தொடாமலேயே, வழக்கம்போல் உண்மைக் குற்றவாளியைப் பிடித்துத் தந்துவிடுகிறார் மேசன்.