காற்றுக்கு வந்த காசு

கேரளத்துத் திருப்புறத்திலிருந்து பாறசாலை, களியக்காவிளை, நாகர்கோவில் தாண்டிப் போனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகள் வரிசைகட்டி நிற்கின்றன. பருவநிலை ஒப்பந்தம் என்றாலே வீண் செலவு என்று புலம்புகிறவர்கள் தமிழகக் காற்றாலைகளின் பழைய கணக்கைப் புரட்டிப் பார்க்கலாம். அந்த ஒப்பந்தம் அதில் வரவுப் பக்கத்தில் நிற்கிறது.

1997இல் உருவாகி 2005இல் நடைமுறைக்கு வந்த கியோட்டோ நெறிமுறை, பணக்கார நாடுகளுக்கு மட்டும் வரம்பு விதித்தது. அந்நாடுகள் நம்மைப் போன்ற நாடுகளில் தவிர்க்கப்படும் கரிமப்புகையை, ஒரு டன்னுக்கு ஒரு கார்பன் கிரெடிட் என்று வாங்கித் தம் கணக்கை நேர்செய்ய முடிந்தது. இந்தியத் தொழிலுக்கு இதில் கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் திட்ட ஆவணம், வெளித் தணிக்கை, சரிபார்ப்பு என்று செலவு நீண்டதால், ஒன்றிரண்டு காற்றாலை வைத்திருந்தவர் தனியாக நுழைய முடியவில்லை. தமிழ்நாடு நூற்பாலைகள் சங்கம் உறுப்பினர்களின் காற்றாலைகளை ஒரே திட்டமாகத் தொகுத்துப் பதிவு செய்தது. இந்த ஏற்பாட்டில் நான் மனதாரப் பாராட்டுவது அதைத்தான்.

கோளாறு வேறிடத்தில். கிரெடிட் பணம் இல்லாவிட்டால் இந்தக் காற்றாலைகள் எழுந்திருக்காதா? மில்களுக்குச் சொந்த மின்சாரம் தேவைப்பட்டது. முதல் ஆண்டிலேயே 80 விழுக்காடு தேய்மானம் கழிக்கும் வருமான வரிச் சலுகையும் இருந்தது. ஆடிட்டர் சொல்லியே பலர் காற்றாலை போட்டார்கள் என்பது ஊரறிந்த கதை. இந்தியக் காற்றாலைகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஆய்வொன்று, வழங்கப்பட்ட கிரெடிட்டுகளில் குறைந்தது 52 விழுக்காடு எப்படியும் கட்டப்பட்டிருக்கக்கூடிய திட்டங்களுக்கே போனதாகக் கணக்கிட்டது. அந்த அளவுக்கு, புகை இங்கே குறையவில்லை. வாங்கிய நாட்டில் மட்டும் கூடுதலாகப் புகைக்க அனுமதி கிடைத்தது.

குஜராத், ராஜஸ்தான் குளிர்பதன வாயு ஆலைகளின் கதை இதைவிட மோசம். உற்பத்தியில் துணைப்பொருளாக வரும் எச்.எஃப்.சி-23 வாயுவை ஒரு டன் எரித்தால் 11,700 கிரெடிட் கிடைத்தது. எரிக்கும் செலவோ சொற்பம். 2013 மே முதல் ஐரோப்பா இந்தக் கிரெடிட்டுகளை ஏற்க மறுத்தது. 2016இல் இந்திய அரசு, ஆலைகள் சொந்தச் செலவிலேயே அந்த வாயுவை அழிக்க வேண்டும் என்று ஆணையிட்டது. ஓர் உத்தரவில் முடிகிற வேலைக்குத்தான் அதுவரை உலகச் சந்தை பணம் கொட்டியது.

தொழில்துறையின் குறையிலும் நியாயம் உண்டு. 2008இல் 20 யூரோவைத் தாண்டிய கிரெடிட் விலை 2012 முடிவில் ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. 2013 முதல் பதிவாகும் புதிய திட்டங்களில், மிக ஏழை நாடுகளுடையதை மட்டுமே வாங்குவோம் என்றது ஐரோப்பா. ஆட்டம் நடக்கும்போதே விதி மாறினால், நீண்டகால முதலீட்டுக்கு எவர் துணிவார்? அதே ஐரோப்பா இப்போது, 2026 ஜனவரி முதல், இறக்குமதியாகும் எஃகுக்கும் அலுமினியத்துக்கும் சிமெண்டுக்கும் கார்பன் கட்டணம் கேட்கிறது. நேற்றைய விற்பனையாளர் இன்று வரி கட்டுகிறவர். ஆனால் உள்நாட்டிலேயே கார்பனுக்கு விலை கொடுத்திருந்தால் அந்தத் தொகையை அங்கே கழித்துக்கொள்ளலாம். 2023இல் அறிவித்த கார்பன் சந்தையை இந்தியா சுணக்கமின்றி நடத்தினால், ஐரோப்பாவுக்குப் போகவிருக்கும் பணத்தில் ஒரு பகுதியாவது இங்கே தங்கும்.

பாரிஸ் ஒப்பந்தத்தின் கீழும் கிரெடிட் வியாபாரம் மீண்டும் தொடங்குகிறது. இம்முறை தணிக்கையாளர்கள் காற்றாடியின் சுழற்சியை அளப்பதற்கு முன்னால், முதலாளியின் வருமான வரிக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும்.