தலைக்கட்டு வரியும் வானொலிக் கட்டணமும்

அரியாங்குப்பத்தில் ஒரு பழைய டிரங்குப் பெட்டியை அண்மையில் ஒழுங்குசெய்தபோது, மனைப் பத்திரங்களுக்கு அடியில் சிறு புத்தகம் ஒன்று நம் கைக்குக் கிட்டியது. வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கான லைசென்ஸ் புத்தகம் அது. ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் பணம் கட்டி, வில்லை ஒட்டி, முத்திரை பெற்ற பக்கங்கள் மங்கிப்போய் இருந்தன. உடனிருந்த இளைஞர்கள் வியந்தனர். "சொந்த வீட்டில் பாட்டுக் கேட்கவும் சர்க்காருக்குப் பணம் கட்டினீர்களா?" என்று கேட்டுச் சிரித்தனர்.

சிரிப்பில் நாமும் கலந்துகொண்டோம். ஆயின் அவ்வினா நம்மை விடவில்லை. பொது ஒலிபரப்பு என்பது பொதுவான சொத்தெனில், அதன் செலவை ஏற்க வேண்டியவர் யார்? அரசா, விளம்பரக்காரரா, கேட்கும் குடும்பங்களா? இதை ஆய்ந்து பார்ப்பது பயனற்ற வேலையன்று.

நம் நாட்டில் ஒலிபரப்பு தொடங்கிய நாளிலிருந்தே இந்தச் சிக்கலும் தொடங்கிவிட்டது. 1924இல் சென்னையில் எழுந்த வானொலிக் கழகம் ஆர்வலர்களின் சந்தாவையும் நன்கொடையையும் நம்பி நடந்தது. பணமின்றி 1927இல் ஓய்ந்தது. அதே ஆண்டு பம்பாயில் தோன்றிய தனியார் ஒலிபரப்புக் கம்பெனி, ஆண்டுக்குப் பத்து ரூபாய் லைசென்ஸ் கட்டணத்தில் கிடைத்த பங்கை நம்பியது. பெட்டி வாங்கியோர் சிலரே ஆதலின், 1930இல் அதுவும் கலைந்தது. சென்னையில் கழகம் விட்ட பணியை நகராட்சி மன்றம் 1930இல் கையேற்று, 1938இல் அகில இந்திய வானொலி நிலையம் வரும்வரை நடத்தியது. ஒரு நகரத்து மக்கள் தம் வரிப்பணத்தில் தமக்கென ஒலிபரப்பு நடத்திய அந்த எட்டாண்டுகள் நினைவில் வைக்கத் தக்கவை.

பின்னர் வானொலி முழுமையாக அரசுத் துறை ஆயிற்று. 1970களில் வீட்டு வானொலிக்கு ஆண்டுக்குப் பதினைந்து ரூபாய், தொலைக்காட்சிக்கு ஐம்பது. இந்தக் கட்டணத்தில் இரண்டு குறைகளை நாம் காண்கிறோம். முதலாவது, மாளிகைக்கும் ஓலைக் குடிசைக்கும் ஒரே தொகை. வீராம்பட்டினத்து வலைஞர் கட்டியதும் நகரத்துப் பெருவணிகர் கட்டியதும் சமமே. இரண்டாவது இதனினும் பெரிது. நிலையத்தின் செலவை வகுத்தது பாராளுமன்றத்தில் வைக்கப்பட்ட அரசின் வரவு செலவுத் திட்டமே. பணம் கட்டியவருக்கும் நிலையத்துக்கும் இடையே உறவு இல்லை. கடமை இருந்தது, உரிமை இருக்கவில்லை. ஆகவேதான் 1980களின் நடுவில் கட்டணம் நீக்கப்பட்டபோது கண்ணீர் விட்டவர் எவருமில்லை.

அந்த மகிழ்ச்சிக்கு ஒரு விலை இருந்ததை நாம் உணரவில்லை. 1967 முதல் விவித் பாரதியிலும் 1976 முதல் தூர்தர்ஷனிலும் விளம்பரம் நுழைந்திருந்தது. கட்டணம் நீங்கிய பின் எஞ்சிய எசமானர் இருவர்: அரசும் விளம்பரதாரரும். கேட்பவர் வெறும் செவிகளாகிவிட்டனர். 'ஆல் இந்தியா ரேடியோ' என்பதை விடுத்து 'ஆகாசவாணி' என்றே வழங்குமாறு 2023இல் ஆணை பிறந்தபோது, வானொலி என்று சொல்லிப் பழகிய நம் இல்லங்களின் விருப்பத்தைக் கேட்டவர் யார்?

விளம்பரம் எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதும் எண்ணத் தக்கது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் இக்கரையைத் தாக்கி மின்சாரம் அற்றுப்போனபோது, பேட்டரியில் இயங்கும் சிறு டிரான்சிஸ்டரின் அருமை நமக்குத் தெரிந்தது. கடலோடிகளுக்கான வானிலை எச்சரிக்கையையோ, உழவர்க்கான உரையையோ, நாட்டுப்புறக் கலைஞரின் அரைமணி நேரப் பாடலையோ எந்த சோப்புக் கம்பெனி விரும்பி ஏற்கும்? 1967இல் தோன்றிய புதுச்சேரி நிலையம் போன்ற சிறு நிலையங்களின் உயிர் இத்தகைய இலாபமற்ற பணிகளில்தான் இருக்கிறது.

பிற நாடுகள் பலவழி தேடின. ஜெர்மனி 2013 முதல், வீட்டில் கருவி உண்டா என்று பாராமல் வீட்டுக்கொரு கட்டணம் வாங்குகிறது. அரசின் உதவித்தொகையில் வாழும் ஏழையர் விலக்குக் கோரலாம். நம் புதுச்சேரியோடு நெடுந்தொடர்புடைய பிரான்சோ, ஆண்டுக்கு 138 யூரோவாக இருந்த கட்டணத்தை 2022இல் நீக்கி, பொது வரியில் ஒரு பகுதியை ஒதுக்கிற்று. குடும்பச் சுமை குறைந்தது. ஆனால் ஆண்டுதோறும் அரசின் கையை எதிர்பார்க்க நேருமோ என்ற அச்சம் அங்குள்ள ஒலிபரப்பாளரிடையே எழுந்தது.

நாம் அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. நம் மஹல்லாக்களில் தலைக்கட்டு வரி என்று ஒன்று உண்டு. குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஜமாஅத் கூடி முடிவு செய்கிறது. வறியவரிடமும் ஆதரவற்ற விதவையரிடமும் கேட்பதில்லை; வசதியுள்ளவர் கூடுதலாகத் தருகின்றனர். இவை அனைத்தினும் மேலாக, வரி கொடுத்தவர் பொதுக்குழுவில் எழுந்து நின்று, "கணக்கைக் காட்டுங்கள்" என்று கேட்கலாம். கணக்குக் காட்டாத நிர்வாகத்துக்கு அடுத்த ஆண்டு வசூல் குறைந்துவிடும். வீட்டுக் கட்டணத்தை நியாயமாக்குவது தொகையன்று. இந்தக் கேள்வி கேட்கும் உரிமையே.

1978இல் வர்கீஸ் குழு சுதந்திரமான ஒலிபரப்பு அறக்கட்டளை ஒன்றைப் பரிந்துரைத்தது. 1990இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறி, 1997இல்தான் நடைமுறைக்கு வந்தது. லைசென்ஸ் கட்டணம் 'ஏதேனும் இருப்பின்' அதன் வருவாயை அந்நிறுவனத்துக்கு அரசு வழங்கலாம் என்று அச்சட்டம் கூறுகிறது. மூடிய வாயிலில் ஒரு சாவித்துவாரம் இன்னும் இருக்கிறது என்று பொருள். மக்களின் முறையீடுகளைக் கேட்க ஒலிபரப்பு மன்றம் ஒன்றையும் அதே சட்டம் வகுத்துள்ளது. ஏட்டில் உள்ள அந்த மன்றம் நம் ஊர்களுக்கு அறிமுகமானதேயில்லை.

பழைய லைசென்ஸ் புத்தகம் மீண்டும் வரவேண்டும் என நாம் வாதிடவில்லை. வீடு வீடாகச் சோதிக்கும் முறையும், ஏழைக்கும் செல்வருக்கும் ஒரே அளவு என்ற நீதியும் போனது நன்றே. கேபிளுக்கும் கைப்பேசிக்கும் மாதந்தோறும் பணம் கட்டும் குடும்பங்களை, மேலும் கட்டுக என்று கேட்பது எளிதன்று என்பதையும் அறிவோம். ஆயினும், வறியவரை விலக்கி, வசதிக்கேற்ப அமைத்து, ஒலிபரப்புக்கு மட்டுமே செலவாகும் சிறு தொகை ஒன்றை நம்மிடம் கேட்டால் நாம் மறுக்கலாகாது. ஒரே நிபந்தனை, ஒவ்வொரு நிலையத்திலும் கேட்போரின் குழு அமர்ந்து கணக்கும் நிகழ்ச்சியும் பார்க்க வேண்டும். அது இயலாதெனில், அரசு தரும் பங்கையேனும் சட்டத்தால் நிலைப்படுத்தி, முறையீட்டு மன்றத்துக்கு உயிர் கொடுக்கட்டும்.

இலவசமாகக் கிடைக்கும் குரல் எவருடைய செலவில் பேசுகிறது என்று கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும். பழைய புத்தகத்தைப் பெட்டியிலேயே மீண்டும் வைத்துவிட்டோம். நம் பிள்ளைகள் அந்தக் கேள்வியை மறவாதிருக்க அது அங்கேயே இருக்கட்டும்.