முதலில் காற்று, பிறகுதான் பாட்டு

நல்ல புல்லாங்குழல் ஆசிரியர் முதல் நாளே பாட்டு சொல்லித்தர மாட்டார். ஊது, ஊதிக்கொண்டே இரு என்பார். இலங்கையின் இறம்பொடை மாதிரி பனி இறங்கும் ஊரில் காலைக் குளிரில் மூங்கிலும் சற்று இறங்கித்தான் பேசும். மூச்சின் சூடு ஏற ஏறத்தான் சுருதி சேரும். அதுவரை வெறும் காற்றின் சீறல். அதை அவர் பொறுமையாகக் கேட்டிருப்பதே எனக்குப் பெரிய வித்தையாகத் தெரிகிறது. பிறகு விரல்கள். நுனியால் அல்ல, சதைப்பற்றால் துளையை மூட வேண்டும். முதல் இரண்டு துளைகளை மூடினால் ஸட்ஜம். இரண்டாம் விரலை முழுதாக எடுத்தால் சதுஸ்ருதி ரிஷபம். மாயாமாளவகௌளை ராகத்தின் ரிஷபத்துக்கோ பாதிதான் திறக்க வேண்டும். அந்தப் பாதி எவ்வளவு என்பதைக் காதுதான் சொல்லும். அதனால்தான் நல்ல ஆசிரியர்கள் முதலில் பாடவைக்கிறார்கள். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டு கற்பித்த குழல் கலைஞர் டி. விஸ்வநாதன், கச்சேரி மேடையிலேயே குழலை இறக்கிவிட்டு, வாசித்த வரியைப் பாடுவார். மீண்டும் எடுத்து வாசிக்கும்போது சாகித்யத்தின் எழுத்தெல்லாம் காற்றில் கேட்கும். பிள்ளையைக் குழல் வகுப்பில் சேர்த்திருப்பவர்களே, “இன்னும் ஒரு பாட்டுகூட வரலியே” என்று அவசரப்படாதீர்கள். அந்த ஸட்ஜம் நடுங்காமல் நிற்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.