டீனின் காகிதங்கள்

பிரெடெரிக் ராபின்ஸ் குழந்தை மருத்துவர். போலியோ வைரஸை நரம்பல்லாத திசுக்களிலும் வளர்க்க முடியும் என்று காட்டியதற்காக சக ஆய்வாளர்கள் எண்டர்ஸ், வெல்லர் இருவரோடும் 1954இல் நோபல் பரிசு பெற்றவர்; 1966 முதல் 1980 வரை கிளீவ்லாந்தில் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் மருத்துவப் பள்ளியின் டீன். இப்படிப்பட்ட ஒருவரின் ஆவணப் பெட்டிகளில் பரிசு தந்த ஆய்வைத்தான் பலரும் முதலில் தேடுவார்கள். அதுவோ 1949இலேயே அச்சாகிவிட்டது. அச்சேறாமல் நிற்பவை டீன் பதவியின் கடிதங்களும் குறிப்புகளும்தான்: யாரைச் சேர்ப்பது, எந்தத் துறைக்குப் பணம், பாடத்திட்டத்தில் எதை விடுவது. அலுவலகக் குப்பை என்பார்கள் சிலர். ஆனால் ஒரு தலைமுறை மருத்துவர்கள் உருவான விதம் அத்தகைய காகிதங்களில்தான் பதிவாகிறது; அடித்துத் திருத்திய நகலில் எழுதியவரின் தயக்கமும் தெரியும், எனக்கு அழகு அதுதான். குழந்தை மருத்துவரின் பெட்டிகளில் நோயாளிக் குறிப்புகளும் கலந்திருக்கலாமே, சிகிச்சை பெற்ற குழந்தைகளின் அந்தரங்கம் என்னாவது? நியாயமான கவலை. அதற்காகவே காப்பகங்கள் நோயாளிக் குறிப்புகளைத் தனியே பிரித்துப் பல்லாண்டுகள் மூடி வைக்கின்றன; மிச்சத்தை எரிக்க அது காரணமாகாது.